பழைய காரில் சார்ஜும் வெளிச்சமும்: டைனமோவைக் கழற்றுவதற்கு முன்

வட சென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் பழைய கார் ஒன்றை வாங்கி வீட்டில் நிறுத்தியிருப்பவர்கள் மெக்கானிக்கிடம் முதலில் சொல்வது அநேகமாக ஒன்றுதான்: "டைனமோ போயிடுச்சு." எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கி பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் டைனமோ அவ்வளவு சுலபத்தில் போகிற சாமான் இல்லை. பேட்டரி கிளிப்பில் பூத்த உப்பு, பெயிண்டுக்கு அடியில் மாட்டிக்கொண்ட எர்த் (மின்சாரம் பாடி வழியாகத் திரும்பும் இணைப்பு), தொங்கும் பெல்ட், கருகிய கட்-அவுட் (டைனமோவை பேட்டரியோடு சேர்த்துப் பிரிக்கும் தானியங்கி சுவிட்ச்) முனை என்று மற்றதெல்லாம் கெட்டிருக்க, பழி மட்டும் டைனமோ மேல் விழும். அதனால் இந்த வழிகாட்டி பேட்டரியில் தொடங்குகிறது. டைனமோவுக்கு அப்புறம்தான் வருகிறோம்.

உங்கள் காரில் இருப்பது எது?

1910 வாக்கில் வந்த கார்களில் மின்சாரம் எரிபொருளைப் பற்றவைக்க மட்டும்தான். ஹெட்லைட் கார்பைடு வாயுவில் எரியும், பக்க விளக்கும் பின் விளக்கும் மண்ணெண்ணெயில் எரியும். அப்படிப்பட்ட வண்டி கையில் இருந்தால் மூன்று விஷயம் தெரிந்தால் போதும். வாயு போகும் வழியில் செம்புக் குழாய் கூடாது. செம்போடு அசிட்டிலீன் சேர்ந்தால் வெடிக்கும் தன்மையுள்ள பொருள் உண்டாகும், ரப்பர் குழாய்தான் சரி. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விளக்கை அணைத்த பிறகும் கார்பைடு கொஞ்ச நேரம் வாயு விடும் என்பதால் மூடிய ஷெட்டுக்குள் வைத்துச் சுத்தம் செய்யக் கூடாது.

ஃபோர்டு மாடல் டி-யில் 1915 முதல் ஹெட்லைட் மின்சாரத்துக்கு மாறியது. ஆனால் பேட்டரி கிடையாது. ஃப்ளைவீலில் இருக்கும் மேக்னெட்டோவே, அதாவது நிலைக்காந்தத்தால் மின்சாரம் தரும் அமைப்பே, விளக்கை எரிக்கும். இரண்டு பல்பும் தொடரிணைப்பில் இருப்பதால் ஒன்று போனால் மற்றதும் அணையும். ஐடிலில் மங்கும், எஞ்சினை முறுக்கினால் பல்பு எரிந்துபோகும். பேட்டரியும் ஜெனரேட்டரும் செல்ஃபும் அந்தக் காரில் வந்தது 1919-ல். காடிலாக் 1912 மாடலிலேயே செல்ஃப் ஸ்டார்ட்டும் மின் விளக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டது.

அதற்குப் பின் வந்தவற்றை இரண்டாகப் பிரிக்கலாம். முதலாவது மூன்றாம் பிரஷ் டைனமோ (பிரஷ் என்பது சுழலும் பகுதியை உரசி மின்சாரம் கடத்தும் கார்பன் துண்டு). இதில் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் இல்லை, கட்-அவுட் மட்டும் உண்டு. ஃபோர்டு மாடல் ஏ, ஆஸ்டின் செவன், 1920-களின் பெரும்பாலான கார்கள் இந்த வகை. பலவும் 6 வோல்ட். இரண்டாவது இரண்டு பிரஷ் டைனமோவும் தனி ரெகுலேட்டர் பெட்டியும். எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் பொருத்தி வெளியிட்ட ஆஸ்டின் ஏ40 இந்த வகைதான்: 12 வோல்ட், பாசிட்டிவ் எர்த். டைனமோவின் மூடுபட்டையைத் திருப்பிப் பிரஷ்களை எண்ணிப் பாருங்கள். இரண்டா மூன்றா என்று தெரியாமல் கீழே சொல்லும் எதையும் தொடாதீர்கள். ஒன்றுக்குச் செய்யும் சோதனை மற்றதன் காயிலை எரித்துவிடும்.

எர்த் எந்த முனை என்பதையும் இப்போதே பாருங்கள். பாசிட்டிவ் எர்த் காரில் பேட்டரியின் பிளஸ்தான் பாடிக்குப் போகும். புது பேட்டரி மாட்டுகிற பையன் பழக்கதோஷத்தில் மைனஸை பாடிக்குக் கொடுத்துவிடுவது நாள்தோறும் நடக்கிற காரியம். பேட்டரிப் பெட்டி மூடியிலேயே "பிளஸ் பாடிக்கு" என்று பெயிண்டால் எழுதி வையுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

முள் அசையும் பழைய மாதிரி மல்டிமீட்டர் ஒன்று. டைனமோ வெளியீட்டில் கம்யூடேட்டர் (பிரஷ் உரசும் செம்புப் பட்டை வளையம்) இரைச்சல் இருப்பதால் டிஜிட்டல் மீட்டரில் எண் தாவிக்கொண்டே இருக்கும். நடுவில் பூஜ்யம் உள்ள 30-0-30 ஆம்பியர் மீட்டர். காரிலேயே இருந்து சரியாகவும் வேலை செய்தால் அதுவே போதும். ஹைட்ரோமீட்டர், டிஸ்டில்டு வாட்டர், வாஸ்லின், மெல்லிய உப்புத்தாள். எமரி தாள் வேண்டாம். அதன் துகள் கம்யூடேட்டர் இடுக்கில் தங்கி ஷார்ட் ஆகும். ஒரு ஹாக்ஸா பிளேடு. 21 வாட் பல்பில் இரண்டு வயர் சாலிடர் வைத்த டெஸ்ட் லேம்ப்.

பேட்டரியும் எர்த்தும்

எஞ்சின் நின்று இரண்டு மணி நேரம் ஆன பிறகு அளந்தால் நல்ல 12 வோல்ட் பேட்டரி 12.6-க்கு அருகில் காட்டும், 6 வோல்ட் என்றால் 6.3. ஆசிட் அடர்த்தி பார்க்கும்போது ஒரு விஷயம். இங்கிலாந்து மின்சாமான் கம்பெனியான லூகாஸின் கையேடுகள் 32 டிகிரிக்குக் கீழான ஊர்களுக்கு முழு சார்ஜில் 1.270 முதல் 1.290 என்றும், அதற்கு மேல் வெயில் உள்ள ஊர்களுக்கு 1.210 முதல் 1.230 என்றும் தனித்தனியாகச் சொல்கின்றன. இங்கிலாந்துக் கணக்கைப் பார்த்துவிட்டு "சார்ஜே ஏறவில்லை" என்று பதற வேண்டாம். கடையில் என்ன ஆசிட் ஊற்றினார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா செல்லும் ஒன்றுபோல இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஒரே ஒரு செல் மட்டும் தாழ்ந்திருந்தால் அந்த பேட்டரியை வைத்துக்கொண்டு டைனமோவைச் சோதிப்பதில் அர்த்தமில்லை.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்காற்று தன் வேலையை ஒழுங்காகச் செய்யும். பித்தளை லக்கில் பச்சை, ஈயக் கிளிப்பில் வெள்ளை. கழற்றும்போது எர்த் கிளிப்பை முதலில் எடுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் போடுங்கள். சோடா உப்பு கரைத்த தண்ணீரில் கழுவி, துடைத்து, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து இறுக்கிய *பிறகு* வாஸ்லின் பூசுங்கள். முன்பே பூசினால் பூச்சே தடையாகிவிடும்.

எர்த்தில் அதிகம் அடிபடுவது புதிதாக ரீஸ்டோர் செய்த கார்தான். சேஸிஸ் பவுடர் கோட்டிங், மட்கார்டு இரண்டு கோட்டு பெயிண்ட், ஹெட்லைட் பிராக்கெட்டில் புது ரப்பர். பார்க்க லட்சணமாக இருக்கும், மின்சாரம் திரும்பிப் போக வழியிருக்காது. அந்தக் காலத்தில் ஹெட்லைட் எர்த் ஆனது அதைத் தாங்கும் போல்ட் வழியாகத்தான். ஒவ்வொரு ஹெட்லைட்டுக்குள்ளிருந்தும் ஒரு கருப்பு வயரைச் சேஸிஸுக்குத் தனியாக இழுத்துவிடுங்கள்; வெளியில் தெரியாது, பாதித் தொல்லை தீர்ந்துவிடும். எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் பின்னல் பட்டை ஒன்றும் அவசியம்.

ஒரு வோல்ட் போனால் என்ன போகிறது?

இழை பல்பின் வெளிச்சம் வோல்டேஜுக்கு நேர் விகிதத்தில் குறைவதில்லை, அதைவிட மிக வேகமாகக் குறையும். 12 வோல்ட் காரில் ஒரு வோல்ட் வழியில் தொலைந்தால் வெளிச்சத்தில் ஏறத்தாழ கால் பங்கு போகும். 6 வோல்ட் காரில் அதே ஒரு வோல்ட் போனால் கிட்டத்தட்டப் பாதி போய்விடும். "ஆறு வோல்ட் லைட்டே மங்கல்தான்" என்று சொல்லிக்கொண்டிருப்பவர்களின் கார்களில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 35 வாட் பல்பு இரண்டு, 6 வோல்ட்: சுமார் 12 ஆம்பியர். இதை 3 மீட்டர் நீளத்துக்கு 1 சதுர மில்லிமீட்டர் வயரில் கொண்டுபோனால் வயரிலேயே 0.7 வோல்ட் அளவுக்கு விழும். 2.5 சதுர மில்லிமீட்டரில் 0.3-க்குள் அடங்கும், 4-ல் 0.2-க்குள். ஆகவே 6 வோல்ட் காருக்கு ஹெட்லைட் மெயின் வயர் 4 சதுர மில்லிமீட்டர், சுவிட்சைத் தாண்டி ஒவ்வொரு விளக்குக்கும் 2.5 என்று வாங்குங்கள். 12 வோல்ட் காருக்கு மெயினுக்கு 2.5 போதும். வீட்டு வயரிங் கம்பி வேண்டாம், பல இழை ஆட்டோ வயர்தான் அதிர்வைத் தாங்கும். துணிப் பின்னல் வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் பிவிசி வயருக்கு மேல் பின்னல் உறை போட்டுக்கொள்ளலாம். பழைய ரப்பர் காப்பு இந்த ஊர் வெயிலில் பொடிப்பொடியாக உதிரும். அதை மட்டும் காப்பாற்ற நினைக்காதீர்கள்.

அளப்பது இப்படி. ஹெட்லைட் எரியட்டும். மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் லைவ் முனையில் (எர்த் ஆகாத முனை), இன்னொன்று பல்பு ஹோல்டரின் லைவ் தொடுமுனையில்: லைன் வழியில் எவ்வளவு விழுகிறது என்று தெரியும். அடுத்து பேட்டரியின் எர்த் முனைக்கும் விளக்கின் உடலுக்கும் நடுவில் அளங்கள்: எர்த் வழியில் விழுவது. இரண்டையும் கூட்டினால் 12 வோல்ட் காரில் 0.5-ஐ, 6 வோல்ட் காரில் 0.3-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் மீட்டர் முனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே வாருங்கள். முள் எங்கே சட்டென்று விழுகிறதோ அங்கேதான் குற்றவாளி. பத்தில் பலமுறை அது சுவிட்சின் உள்ளே தேய்ந்த பித்தளைத் தொடுமுனையாகவோ எர்த்தாகவோ இருக்கும்.

லூகாஸ் வயரிங் உள்ள கார்களில் நிறமே வழிகாட்டும். பேட்டரி லைன் பழுப்பு, இக்னிஷன் வெள்ளை, ஹெட்லைட் நீலம், பக்க விளக்கும் பின் விளக்கும் சிவப்பு, எர்த் கருப்பு, டைனமோ மஞ்சள், ஃபீல்டு (டைனமோவுக்குள் காந்தம் உண்டாக்கும் காயில்) மஞ்சள்-பச்சை. யாராவது இடையில் கை வைத்திருந்தால் நிறத்தை நம்பாமல் டெஸ்ட் லேம்ப் வைத்துத் தொடர்ச்சி பாருங்கள்.

இரண்டு பிரஷ் டைனமோ: ஐந்து நிமிடச் சோதனை

முதலில் பெல்ட். இரு புல்லிக்கும் நடுவில் கட்டைவிரலால் அமுக்கினால் அரை அங்குலம் இறங்க வேண்டும். கூடுதலாக இறங்கினால் வழுக்கும். இறங்காமல் விறைப்பாக இருந்தால் டைனமோ பேரிங்கும் தண்ணீர் பம்ப் பேரிங்கும் சேர்ந்து போகும்.

1. டைனமோவின் பின்புறம் பெரிய முனை 'டி' (டைனமோ வெளியீடு), சிறியது 'எஃப்' (ஃபீல்டு). இரண்டிலிருந்தும் வயரைக் கழற்றி அடையாளம் கட்டுங்கள். மாற்றி மாட்டினால் ரெகுலேட்டர் முனைகள் கருகும்.

2. ஒரு துண்டு வயரால் 'டி'-யையும் 'எஃப்'-ஐயும் இணைத்துவிடுங்கள். மீட்டரை அந்த இணைப்புக்கும் டைனமோ உடலுக்கும் நடுவில் வையுங்கள். பாசிட்டிவ் எர்த் என்றால் சிவப்பு முனை உடலில்.

3. எஞ்சினைக் கிளப்பி ஐடிலிலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். 12 வோல்ட் டைனமோவில் சுமார் 1000 சுற்றுக்குள் முள் தடங்கலில்லாமல் 12-ஐத் தாண்டி ஏற வேண்டும். 20-ஐத் தொட விடாதீர்கள். அதற்கு மேல் முறுக்குவது சோதனை இல்லை, கொலை.

முள் அசையவே இல்லையென்றால் பிரஷ் தேய்ந்திருக்கும், அல்லது கூட்டுக்குள் சிக்கியிருக்கும். பல மாதம் நின்ற வண்டியில் மீந்திருக்க வேண்டிய காந்தம் போயிருக்கவும் வாய்ப்புண்டு. ஒரு வோல்ட் அளவில் நின்றால் ஃபீல்டு காயிலில் கோளாறு. நாலு, ஐந்து வோல்ட்டோடு நின்றுவிட்டால் ஆர்மேச்சரில், அதாவது உள்ளே சுழலும் காயில் பகுதியில், கோளாறு. இழுவை இல்லாமல் 12-க்கு மேல் ஏறினால் டைனமோ நல்ல நிலையில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு ரெகுலேட்டர் பக்கம் போங்கள்.

காந்தம் போயிருந்தால் ஏற்றுவது சுலபம். இரு வயரும் கழன்ற நிலையில், எஞ்சின் ஓடாதபோது, பேட்டரியின் லைவ் முனையிலிருந்து ஒரு வயரை 'எஃப்' முனையில் இரண்டு மூன்று தடவை ஒரு நொடி தொட்டு எடுங்கள். சிறு பொறி வரும். எர்த் முனையை மாற்றிய காரிலும், பேட்டரி ஒரு தடவை தலைகீழாக மாட்டப்பட்ட காரிலும் இதைச் செய்யாமல் எஞ்சினைக் கிளப்பினால் டைனமோ எதிர்த் திசையில் மின்சாரம் கொடுத்து, கட்-அவுட் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

மூடுபட்டையைத் திறந்ததும் உள்பக்கத்தைப் பாருங்கள். வட்டமாக ஈயத் துளிகள் சிதறி ஒட்டியிருந்தால் ஆர்மேச்சர் எப்போதோ அளவுக்கு மீறி இழுத்து, கம்யூடேட்டரின் சாலிடர் உருகியிருக்கிறது. இனி காயில் கட்டும் கடைதான். அப்படி எதுவும் இல்லாமல் கம்யூடேட்டர் கருத்து மட்டும் இருந்தால் உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்துத் துடையுங்கள். செம்புப் பட்டைகளுக்கு நடுவில் உள்ள மைக்கா செம்பின் மட்டத்துக்கு வந்துவிட்டால் பிரஷ் துள்ளி, பொறி பறக்கும். ஹாக்ஸா பிளேடின் பல்லைப் பக்கவாட்டில் அரைத்து மைக்காவின் தடிமனுக்குக் கொண்டுவந்து, சுமார் 0.8 மில்லிமீட்டர் ஆழம் சதுரமாகக் கீறுங்கள். 'வி' வடிவில் கீறினால் ஓரத்தில் மைக்கா மிஞ்சும். பின்பக்கப் புஷ்ஷுக்கு எஞ்சின் ஆயில் இரண்டு மூன்று சொட்டு போதும். தாராளமாக ஊற்றிய எண்ணெய் பிரஷில்தான் போய்ச் சேரும்.

ரெகுலேட்டரும் கட்-அவுட்டும்

லூகாஸ் பெட்டிக்குள் இரண்டு சுருள். ஒன்று வோல்டேஜைக் கட்டுப்படுத்தும். இன்னொன்று கட்-அவுட், 12 வோல்ட் காரில் 12.7 முதல் 13.3-க்குள் மூட வேண்டும். ரெகுலேட்டரைப் பேட்டரி இணைப்பில்லாமல்தான் அளக்க வேண்டும். பெட்டியின் 'ஏ', 'ஏ1' முனை வயர்களைக் கழற்றி ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் இக்னிஷன் கெடாது. 'டி'-க்கும் எர்த்துக்கும் மீட்டர் வைத்து எஞ்சினை மெல்ல ஏற்றினால் முள் ஏறிக்கொண்டே போய் 16 வோல்ட்டை ஒட்டி நிலைத்து நிற்கும். சரியான எண்ணை உங்கள் காரின் கையேட்டில் பாருங்கள். வெப்பம் கூடக் கூட அது சற்றுத் தாழும். முழு வேலையும் 30 நொடிக்குள் முடிய வேண்டும். நீண்டால் சுருள் சூடாகி மீட்டர் பொய் சொல்லும். அளந்த எண் நன்றாக இருந்தால் திருகைத் தொடாதீர்கள். பலர் அடிக்கடி திருகித் திருகியே அந்தப் பெட்டியைக் கெடுத்திருக்கிறார்கள்.

எஞ்சினை நிறுத்திய பிறகும் ஆம்பியர் மீட்டர் மைனஸ் பக்கம் ஓரத்துக்குப் போய் நின்றால் யோசிக்காமல் பேட்டரி கிளிப்பைப் பிடுங்குங்கள். கட்-அவுட் ஒட்டிக்கொண்டு பேட்டரி டைனமோவுக்குள் வடிகிறது. சில நிமிடத்தில் புகை வரும்.

மூன்றாம் பிரஷ்: இங்கே கவனம்

இதில் வோல்டேஜைக் கட்டிப் பிடிப்பது பேட்டரிதான். கிளிப் தளர்ந்தாலும், பேட்டரித் தகடுகளில் சல்பேட் படிந்தாலும், பிடிப்பு விட்டு வோல்டேஜ் எகிறும். பல்புகள் வரிசையாகப் போகும், பிறகு ஃபீல்டு காயில். பேட்டரி இல்லாமல் தள்ளிக் கிளப்பி ஓட்டவே கூடாது. வேறு வழியே இல்லையென்றால் டைனமோவின் வெளியீட்டு முனையை வயரால் எர்த் செய்துவிட்டு ஓட்டலாம். சில டைனமோவில் ஃபீல்டு ஃபியூஸ் இருக்கும்; அது போனால் அதே அளவுள்ளதைப் போடுங்கள், கம்பி சுற்றாதீர்கள். ஃபியூஸ் புதிதாகச் சேர்க்கிறீர்களா, அதை விளக்கு லைனில் சேருங்கள். சார்ஜ் லைனில் வைத்து, அது ஓட்டத்தில் போனால், பேட்டரி கழன்ற கதைதான்.

சார்ஜ் வரவில்லையா? எஞ்சின் நடுத்தர வேகத்தில் ஓடும்போது கட்-அவுட்டின் இரு முனையையும் ஒரு நொடி வயரால் இணையுங்கள். ஆம்பியர் மீட்டர் பிளஸ் பக்கம் தாவினால் கட்-அவுட்தான் கோளாறு. மைனஸில் விழுந்தால் உடனே எடுத்துவிட்டு டைனமோவைத் திறங்கள். எஞ்சின் நிற்கும்போது இதே மாதிரி ஒரு கணம் தொடுவதுதான் இந்த வகைக்குக் காந்தம் ஏற்றும் முறை.

அளவை மாற்ற, எஞ்சினை நிறுத்தி, மூன்றாம் பிரஷைக் கம்யூடேட்டரின் ஒரு பட்டை அகலம் மட்டும் நகர்த்துங்கள். ஆர்மேச்சர் சுழலும் திசையில் தள்ளினால் சார்ஜ் கூடும், எதிரே தள்ளினால் குறையும். எவ்வளவு வைப்பது? இங்கேதான் இந்த அமைப்பின் தர்மசங்கடம். இரவில் ஹெட்லைட்டுக்கு ஈடுகொடுக்கும்படி வைத்தால் பகலில் அத்தனையும் பேட்டரிக்குப் போய் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். பகலுக்கு வைத்தால் இரவில் பற்றாது. நம் ஊரில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வெளியே எடுக்கும் 6 வோல்ட் காருக்குப் பகல் ஓட்டத்தில் 5, 6 ஆம்பியர் போதும். லூகாஸ் சுவிட்சில் 'சம்மர்', 'விண்டர்' என்று இருந்தால் பகலில் சம்மரிலேயே விடுங்கள். செல்களில் தண்ணீர் வாரா வாரம் இறங்குவதும், மூடியைச் சுற்றி ஈரம் கசிவதும் அளவு கூடிவிட்டதற்கு அடையாளம்.

எந்த வகையானாலும் ஐடிலில் டைனமோ ஒன்றும் கொடுக்காது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தால், 12 வோல்ட் காரில் ஹெட்லைட்டும் பக்க விளக்கும் இக்னிஷனும் சேர்ந்து 10 ஆம்பியர் பேட்டரியிலிருந்தே போகும். மீட்டர் மைனஸ் காட்டுவதும் சார்ஜ் எச்சரிக்கைச் சிவப்பு விளக்கு எரிவதும் அப்போது கோளாறு அல்ல. இதைப் பார்த்துப் பயந்துதான் பலர் ஆல்டர்னேட்டர் மாட்டுகிறார்கள். தினமும் ஓட்டுபவருக்கு அது நியாயம். மாதம் இரண்டு முறை எடுப்பவருக்கு வீட்டில் ஒரு சிறு சார்ஜர் போதும், காரும் தன் முகத்தோடு இருக்கும்.

வெளிச்சம் விழும் இடம்

ரிஃப்ளெக்டர் பழையது என்றால் பெரும்பாலும் வெள்ளி முலாம். பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்த்தால் அன்றோடு முலாம் போயிற்று. சௌகார்பேட்டைப் பக்கம் வெள்ளி முலாம் பூசுபவர்களிடம் கொடுத்து வாங்கி, விரல் படாமல் மாட்டுங்கள். கண்ணாடிக்கு அடியில் கார்க் அல்லது ரப்பர் வளையம் புதிதாக இல்லாவிட்டால் கடற்காற்று ஒரே வருடத்தில் அதைக் கருக்கும்.

ப்ரீ-ஃபோகஸ் (மாட்டினாலே சரியான இடத்தில் உட்காரும் வகை) அல்லாத பல்புகளுக்கு ஃபோகஸ் நீங்கள்தான் வைக்க வேண்டும். சமதரையில் சுவரிலிருந்து 25 அடி தள்ளி நிறுத்தி, ஒரு விளக்கைத் துணியால் மூடி, மற்றதன் ஹோல்டரை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். நடுவில் கரும்புள்ளி இல்லாமல் வெளிச்சம் மிகச் சிறிதாகும் இடமே சரி. வெளிச்சத்தின் மேல் ஓரம் விளக்கின் உயரத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து தருவித்த கண்ணாடி என்றால் டிம் வெளிச்சம் வலப்பக்கம், அதாவது எதிரே வருபவர் கண்ணில் விழும். 1930-களின் சில இங்கிலாந்துக் கார்களில் டிம் போட்டால் ஒரு விளக்கு அணைந்து, மற்றதன் ரிஃப்ளெக்டர் மட்டும் சாய்வதைப் பார்த்துப் பழுது என்று நினைக்க வேண்டாம். அமைப்பே அப்படி.

எல்இடி பல்பு போடுவதில் எங்களுக்குப் பின் விளக்குக்கு மட்டும் ஆட்சேபம் இல்லை. பின்னால் வரும் தண்ணீர் லாரிக்கு நீங்கள் தெரிய வேண்டும். பாசிட்டிவ் எர்த் காருக்கு முனை பேதமில்லாத எல்இடியாகக் கேளுங்கள்.

மழையும் கடையும்

ஐப்பசி, கார்த்திகையில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி இடங்களுக்குள் பழைய காரை இறக்காதீர்கள். டைனமோ தாழ்வான இடத்தில், காற்றோட்டத் துளையோடு இருக்கிறது. தண்ணீர் புகுந்துவிட்டால் எஞ்சினைக் கிளப்பாமல் கழற்றி, நல்ல தண்ணீரில் சேறு போக அலசி, வெயிலிலோ 60 வாட் குண்டு பல்பின் அருகிலோ ஒரு நாள் முழுக்க உலர விட்டு, பிரஷ் சுலபமாக நகர்கிறதா என்று பார்த்த பிறகே மாட்டுங்கள்.

காயில் கட்டக் கொடுக்கும்போது "டைனமோ ஓடவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை வோல்ட், எந்த எர்த், எந்தப் பக்கம் சுழல்கிறது, சோதனையில் எத்தனை வோல்ட்டில் நின்றது என்று ஒரு சீட்டில் எழுதி டைனமோவிலேயே கட்டுங்கள். ஆர்மேச்சரைக் குரோலரில் (காயில் ஷார்ட்டைக் காட்டும் மின்காந்தக் கருவி) வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மேலே பிடித்த ஹாக்ஸா பிளேடு அதிர்ந்தால் அதற்கு மறுகட்டு வேண்டும், இல்லையென்றால் பெரும்பாலும் லேத்தில் ஒரு சீவலும் புதுப் பிரஷும் போதும். லூகாஸ் வகைக்கான பிரஷ், பழைய அம்பாசடரிலும் அதே வகை டைனமோ இருந்ததால், ஜிபி ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ கிடைக்கும். பழைய பிரஷைக் கையோடு கொண்டுபோய் அகலம், தடிமன் இரண்டும் ஒப்பிட்டு வாங்குங்கள். திரும்பி வந்த டைனமோவைக் காரில் ஏற்றுவதற்கு முன், பெல்ட் இல்லாமல் 'டி'-யையும் 'எஃப்'-ஐயும் சேர்த்துப் பேட்டரியின் லைவ் முனைக்கும், உடலை எர்த் முனைக்கும் கொடுத்துப் பாருங்கள்: மோட்டார் மாதிரி சீராகச் சுழல வேண்டும். திக்கித் திக்கிச் சுழன்றால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சுழன்றால் மாட்டி, காந்தம் ஏற்றிவிட்டு, அப்புறம் சாவியைத் திருப்புங்கள்.